தொப்பி கப்பலான மத்தியானம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டோ முப்பத்துமூன்றோ, வருஷம் சரியாக நினைவில்லை. ஆடி மாதக் கடைசி என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. ஏனென்றால் ஆவணியின் கடைசி முகூர்த்தத்தில் எங்கள் மூத்த மகளுக்குக் கல்யாணம் குறித்திருந்தது. பெற்றவர்கள் இருவருமே இல்லாமல் அந்தக் கல்யாணம் நடந்திருக்கும். இத்தாலி தேசத்தில், நேப்பிள்ஸ் என்கிற துறைமுக ஊரில், ஒரு மத்தியான வேளை எங்களை அந்த விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தியது.

எங்களுக்குப் பள்ளத்தூர். எங்கள் பக்கத்து ஆண்கள் கப்பல் ஏறுவது புதிதல்ல. ரங்கூன், பினாங்கு என்று போனால் மூன்று வருஷம் கழித்துத்தான் வருவார்கள். பெண்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டு இருப்போம். என் கணவருக்கு அந்த வருஷம் சீமைக்குப் போகிற யோசனை வந்தது. புது வீடு கட்டிக்கொண்டிருந்தோம். அதற்கு நிலைக்கண்ணாடியும் தொங்கு விளக்கும் நேரில் பார்த்து வாங்க வேண்டுமாம்.

"தெனம் அந்தக் கண்ணாடியில மொகம் பாக்கப் போறது நானு. நான் வந்து பாக்காம எப்படி வாங்குவீக?" என்று கேட்டேன். ஊர் வாய் என்னவெல்லாம் பேசியது என்று எழுத ஆரம்பித்தால் இந்தக் கதை முடியாது. நான் கப்பல் ஏறிவிட்டேன்.

லண்டனைப் பார்த்தேன். ஆடி மாதத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு பார்த்தேன். பாரீஸில் இரும்புக் கோபுரத்தின் மேல் ஏற்றிவிட்டார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டதால் ஊர் எப்படி இருந்தது என்று சொல்ல முடியாது. வெனிஸ் எனக்குப் பிடித்தது. வாசல்படியில் தண்ணீர் நிற்கிற ஊர். எங்கள் ஊர்ப் பக்கம் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிற பெண்கள் பார்த்தால் வயிறு எரிவார்கள். ரோமாபுரியில் இடிந்து கிடக்கிற மண்டபங்களை ஊரே பத்திரமாகக் காவல் காக்கிறது. மொத்தத்தில் சந்தோஷமாகவே சுற்றினோம். ஒரே ஒரு சண்டை மட்டும் எங்களுடனேயே எல்லா ஊருக்கும் பயணம் செய்தது.

அது வீட்டுச் சண்டை. எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். முன்வாசலில் நின்று பார்த்தால் பின்வாசல் வெளிச்சம் நேர்கோட்டில் தெரியும். வெயில் நேரத்தில் அக்கம்பக்கத்தார் சுற்றிக்கொண்டு போகாமல், வீட்டுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் இறங்கிப் போய்விடுவார்கள். புது வீட்டில் முன்கட்டு முடிந்துவிட்டது, பின்கட்டு பாக்கி. லண்டனில் இரும்புக் கதவு போட்ட வீடுகளைப் பார்த்ததிலிருந்து என் கணவருக்குப் புத்தி மாறிவிட்டது. "போறவுக வாரவுக நடக்குறதுக்கா நாம பளிங்கு போடுறோம்? பின்னாடி சுவர எழுப்பி அடச்சிருவோம்" என்றார். பின்வாசல் இல்லாவிட்டால் அது வீடே இல்லை என்று நான் சொன்னேன். ரயிலில் சொன்னேன், ஓட்டலில் சொன்னேன், வெனிஸ் படகில் கூடச் சொன்னேன்.

கடைசி ஊர் நேப்பிள்ஸ். கொழும்புக்குப் போகும் கப்பல் அங்கே சாயங்காலம் நாலு மணிக்குக் கிளம்புகிறது. காலையிலேயே பெட்டி படுக்கைகளைக் கப்பலில் ஏற்றிவிட்டோம். கையில் நேரம் இருந்தது. ஊருக்குப் பின்னால் புகை விடுகிற மலை ஒன்று உண்டு. மேட்டுத் தெருவில் ஏறி நின்றால் மலையும் கடலும் ஒருசேரத் தெரியும் என்று என் கணவரின் சிவப்பு அட்டை வழிகாட்டிப் புத்தகம் சொன்னது. ஏறினோம். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு காட்சி. நீலக் கடல், அதன் ஓரத்தில் அந்த மலை, உச்சியில் கொஞ்சமாகப் புகை. சமையல் முடித்துவிட்டு அடுப்பை அணைக்க மறந்த வீடு போல இருந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். நின்றது கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

இறங்கும்போது வழி தவறியது. அந்த ஊர்ச் சந்துகள் இடியாப்பத்தைப் பிழிந்து வைத்த மாதிரி ஒன்றுக்குள் ஒன்று போகின்றன. தலைக்கு மேலே வீட்டுக்கு வீடு கொடி கட்டித் துணி காயப் போட்டிருக்கிறார்கள். என் கணவர் புத்தகத்திலிருந்த படத்தை நேராகப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். பிறகு ஊர்தான் தப்பாகக் கட்டப்பட்டிருக்கிறது என்கிற முகத்தோடு நடந்தார். கேட்கலாம் என்றால் தெருவில் ஒரு ஆள் இல்லை. அங்கே மத்தியானச் சாப்பாடு ஆனதும் கடை கண்ணி எல்லாவற்றையும் சாத்திவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள். பாரீஸில் அவர் ஆசையாக வாங்கிக் கொடுத்த பூட்ஸ் என் காலைக் கடித்தது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். கண்டாங்கிச் சேலை, ஒரு கையில் பனையோலையில் முடைந்த கொட்டான் கூடை, ஒரு கையில் பூட்ஸ், வெறும் கால். என்னைப் பார்க்க ஆள் இல்லாததும் நல்லதற்குத்தான் என்று நினைத்தேன்.

ஆனால் பயம் வந்துவிட்டது. இந்தக் கப்பலை விட்டால் அடுத்த கப்பலுக்கு இரண்டு வாரம். அதற்கப்புறம் கொழும்பு போய், அங்கிருந்து ஊர் போய்ச் சேரும்போது மகள் கழுத்தில் தாலி ஏறியிருக்கும். அவருக்கும் அதே நினைப்புதான் என்பது அவர் நடையிலேயே தெரிந்தது.

அப்போதுதான் அந்த வாசலைப் பார்த்தேன். பெரிய வளைவு வாசல், இரண்டு கதவும் விரியத் திறந்திருந்தன. உள்ளே பளிங்குத் தரை, அதைத் தாண்டி வெயில் விழுகிற முற்றம், அதற்கும் அப்பால் நேர்கோட்டில் இன்னொரு வாசல், அதில் வெளிச்சம். எனக்கு உயிர் வந்தது.

"இங்குட்டு வாங்க. இந்த வீட்டுக்குள்ள பூந்து அங்குட்டு எறங்கினா கீழத் தெரு."

"அடுத்தவுக வீட்டுக்குள்ள கேக்காம போறதா? இது பள்ளத்தூர் இல்ல" என்றார்.

நான் அதற்குள் படியேறிவிட்டேன். வெந்த காலுக்கு அந்தப் பளிங்கு ஜில்லென்று இருந்தது. முற்றத்தை ஓட்டமும் நடையுமாகத் தாண்டி, பின்வாசலுக்கு வெளியே தலையை நீட்டினேன். எலுமிச்சை மரங்கள் நின்ற சின்னத் தோட்டம். அதற்கு அப்பால், இரண்டு ஆள் உயரத்துக்குச் சுவர். தெரு இல்லை.

திரும்பினேன். ஓடி வந்த வேகத்தில் முற்றத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. தூண் ஓரமாக ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முழங்கை வரை அவர்கள் கையெல்லாம் சிவப்பு. ஒரு நிமிஷம் ரத்தம் என்றே நினைத்துவிட்டேன். பிறகுதான் பார்த்தேன், அத்தனையும் தக்காளி. கூடை கூடையாகத் தக்காளியைப் பிழிந்து, சாற்றை மரப்பலகைகளில் வழித்து, முற்றத்து வெயிலில் காய வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டு வளவு முற்றத்தில் வடகம் காய்கிற அதே வரிசை.

நான் ஏதாவது சொல்ல வேண்டும். என்ன பாஷையில் சொல்வது? அந்த நேரம் பார்த்து ஒரு புறா இறங்கி, கடைசிப் பலகையில் உட்காரப் போனது. யோசிக்கவே இல்லை, கையிலிருந்த பாரீஸ் பூட்ஸை ஓங்கிக்கொண்டு "ச்சூ... ச்சூ..." என்று பாய்ந்தேன். வடகத்துக்குக் காவல் இருந்து வளர்ந்த கை, தேசம் பார்க்குமா?

புறா பறந்தது. அந்தப் பெண்கள் சிரித்த சிரிப்பில் மேல்மாடி ஜன்னல்கள் திறந்தன. வீட்டுக்காரி என் வயதுதான் இருப்பாள், நல்ல வாட்டசாட்டமான உடம்பு. முந்தானை மாதிரி கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். யார், எதற்கு வந்தாய் என்று கேட்பாள் என நினைத்தேன். அவள் என் காலைப் பார்த்தாள். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, காலைக் கழுவிக்கொள் என்று ஜாடை காட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வாசலில் தயங்கி நின்ற என் கணவரையும் கையைப் பிடித்து இழுத்துவந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து, எண்ணெய் விட்டு, உப்புப் போட்டுக் கொடுத்தாள்.

என் கணவர் இங்கிலீஷில் ஷிப் என்றார், ஹார்பர் என்றார். எல்லாரும் தலையை ஆட்டிவிட்டு இன்னொரு ரொட்டி கொடுத்தார்கள். கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். கடிகாரம் அழகாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

முற்றத்து மூலையில் துணி துவைக்கிற தொட்டி ஒன்று தண்ணீர் நிரம்பி இருந்தது. நான் எழுந்து போய், என் கணவரின் தலையிலிருந்த தொப்பியை எடுத்தேன். அது லண்டனில் வாங்கியது, அவருக்கு உயிர். அதை மல்லாத்தித் தொட்டியில் மிதக்கவிட்டேன். "பூ...ம்" என்று கப்பல் சங்கு ஊதினேன். தொப்பியை மெதுவாகத் தள்ளித் தள்ளித் தொட்டியின் அந்தக் கோடிக்கு அனுப்பினேன். அப்புறம் எங்கள் இருவரையும் சுட்டிக்காட்டி, கரையில் நின்று கையை ஆட்டி, தலையில் அடித்துக்கொண்டேன். கூடவே நாலு விரலைக் காட்டினேன்.

வீட்டுக்காரி கன்னத்தில் கையை வைத்தாள். அடுத்த கணம் மாடியைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், கப்பலுக்கே கேட்டிருக்கும். மேலே தூங்கிக்கொண்டிருந்த அவள் புருஷன் பனியனோடு இறங்கி ஓடிவந்தான். தக்காளி ஏற்றிவந்த குதிரை வண்டியை அவனே வாசலில் பூட்டினான்.

எனக்கு அப்போதும் சும்மா போக மனம் வரவில்லை. எங்கள் பக்கம் கிளம்புகிற சுமங்கலிக்கு வீட்டுக்காரி பொட்டு வைப்பது வழக்கம், இவளிடம் குங்குமம் ஏது? கொட்டானிலிருந்த குங்குமச் சிமிழைத் திறந்து அவள் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தேன். ஊரிலிருந்து கொண்டுபோன சீடை கடைசியாகக் கொஞ்சம் மிஞ்சியிருந்தது, அதைக் கொட்டானோடு அவள் கையில் கொடுத்தேன். ஒன்றை வாயில் போட்டு, கடிக்க முடியாமல் கண்ணை உருட்டினாள். என் மடியில் நாலு எலுமிச்சம்பழத்தைக் கொட்டினாள். வண்டிக்குப் பின்னாலேயே தெருமுனை வரை ஓடிவந்து கையை ஆட்டினாள்.

காலிக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, சந்து சந்தாகக் குலுங்கிக்கொண்டு இறங்கினோம். நடைபாலத்தை எடுக்கக் கப்பல்காரர்கள் கயிற்றைப் பிடித்திருந்த நேரத்தில் ஓடி ஏறினோம். ஏறுவதற்கு முன்னால், வண்டி ஓட்டிவந்த வீட்டுக்காரியின் புருஷனிடம் என் கணவர் பணம் நீட்டினார். அவன் வாங்கவில்லை, ஈரத் தொப்பியைப் பிழிந்து இவர் தலையில் வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

கப்பல் நகர்ந்து, புகை மலை சின்னதாகிற வரை நாங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"ஒன் குறுக்கு வழி சுவத்துல போயி முட்டுச்சே" என்றார்.

"முட்டுனதாலதான் கப்பலப் புடிச்சீக" என்றேன்.

தொப்பியிலிருந்து தண்ணீர் அவர் சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு, "ஊருக்குப் போனதும் கொத்தனார்ட்ட சொல்லிருவோம். பின்வாசல் வச்சிரட்டும்" என்றார்.

மகள் கல்யாணம் குறித்த முகூர்த்தத்தில் நடந்தது. பந்தியில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம், வேறு கல்யாண வீடு என்று தவறி வந்து உட்கார்ந்துவிட்டது. உறவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். என் கணவர் பாயச வாளியைத் தானே வாங்கிக்கொண்டுபோய் அவர்களுக்கு இரண்டாம் முறையும் ஊற்றினார். என்னைப் பார்த்து, வாய்க்குள்ளேயே "பூம்" என்றார். விஷயம் தெரியாதவர்கள் நாங்கள் எதற்குச் சிரிக்கிறோம் என்று விழித்தார்கள்.

நிலைக்கண்ணாடி வந்தது, விளக்கும் வந்தது. வருகிறவர்கள் எல்லாரும் அவற்றைத்தான் பார்த்துப் புகழ்கிறார்கள். சீமையிலிருந்து நான் கொண்டுவந்தது அந்தப் பின்வாசலைத்தான் என்பது எனக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும். நேப்பிள்ஸ் வீட்டுக்காரியின் பெயர் கூட எனக்குத் தெரியாது. அவளும் என் பெயரைக் கேட்கவில்லை. வெயில் வேளையில் முன்வாசலில் ஏறிப் பின்வாசலில் இறங்குகிற யாரையும் நான் இன்றுவரை யார் என்று கேட்டதில்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று மட்டும்தான் கேட்கிறேன்.