அடிக்காமல் விட்ட ஹார்ன்

மடுல்சீமையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு லொறி வந்து அப்போது இரண்டு வருடம் இருக்கும். மாட்டு வண்டிக்காரனாக இருந்த நான் டிரைவராகி, காக்கிக் கோட்டு மாட்டிக்கொண்டு தலைகால் தெரியாமல் ஆடிய காலம். ஒரு ஞாயிறு மதியம் பதுளையில் கூடாரம் போட்டுப் பயாஸ்கோப் காட்டினார்கள். எங்கள் கணக்கப்பிள்ளையோடு போயிருந்தேன்.

அதில் ஒரு கேலிப்படம். கையால் வரைந்த உருவங்களே ஓடின, ஆடின. தொப்பி போட்ட ஆட்டுக்கிடா ஒன்று மோட்டார் ஓட்டும். ஆட்களின் பின்னால் மெதுவாகப் போய் ஹார்னை அமுக்கும். அவர்கள் ஆள் உயரம் துள்ளுவார்கள். ஒருத்தன் சக்கரத்தில் அகப்பட்டு ரொட்டி மாதிரித் தட்டையாகி, எழுந்து, தூசி தட்டிக்கொண்டு ஓடினான். கூடாரமே வயிறு குலுங்கச் சிரித்தது.

மறுநாள் தேயிலைப் பெட்டிகளோடு மலையிறங்கினோம். இறக்கத்தில் இஞ்சினை நிறுத்திவிட்டு லொறியை உருளவிடுவது அப்போது எங்கள் வழக்கம், பெட்ரோல் மிச்சம். சத்தமில்லாமல் வருவதால் ஹார்ன் அடித்துக்கொண்டே போக வேண்டும்.

"ஏம்ப்பா, அந்தக் கிடா மாதிரி ஒரு தடவ ஓட்டிக் காட்டு பாப்போம்" என்றார் பக்கத்தில் இருந்த கணக்கப்பிள்ளை. எனக்கு அது போதாதா!

முதலில் ஒரு கிழவர் துள்ளினார். சிரித்தோம். அடுத்து, தூறலுக்குத் தலையோடு கம்பளி போர்த்தியபடி கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் போகும்வரை பொறுத்திருந்து அமுக்கினேன். பதறிப்போய்ப் பாதையோர வடிகால் கானுக்குள் விழுந்தாள். எழுந்து தூசி தட்டுவாள் என்று, கடவுளே, நான் உண்மையிலேயே காத்திருந்தேன். அவள் எழவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது.

"காது செவிடா ஒனக்கு?" என்று கணக்கப்பிள்ளை அவள் மேலேயே பாய்ந்தார்.

"நாந்தாங்க கவனிக்கல. தோட்டத்துத் தொரைகிட்ட சொல்லிறாதீங்க ஐயா" என்று அந்த வலியிலும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். பெட்டிகளுக்கு நடுவே படுக்கவைத்துப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எப்படி விழுந்தாய் என்று டாக்டர் கேட்டபோது, என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "கால் வழுக்கிருச்சுங்க" என்றாள். தூ, நானும் ஒரு மனுஷனா!

இன்றைக்கும் ஒரு காலைச் சாய்த்துத்தான் அவள் மலை ஏறுகிறாள். நான் இப்போது வளைவுக்கு வளைவு ஹார்ன் அடிக்கிறேன், இறக்கத்தில் இஞ்சினை நிறுத்துவதே இல்லை. என்ன பிரயோசனம்? தூரத்தில் என் லொறிச் சத்தம் கேட்டதுமே அவள் கானுக்குள் இறங்கி, நான் கடந்து போகும்வரை தலைகுனிந்து நிற்கிறாள். தலைகுனிய வேண்டியவன் நான்தான் என்று அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.