கனடாவுக்குப் போன வைக்கோல் கூரை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், லண்டனின் தெற்கு ஓரத்தில் வயல்கள் தொடங்கும் இடத்தில், ஒரு பழைய பண்ணை வீட்டில் துப்புரவு வேலை செய்தேன். வெள்ளைக்காரர் டிக்கெட் எடுத்து வந்து பார்க்கிற வீடு. ஐந்நூறு வருடம் பழையது என்பார்கள். பார்க்கிறவர்களுக்கு அழகு, கூட்டுகிறவளுக்கு வதை. ஒரு சுவராவது நேராக இல்லை. தரை சரிந்திருப்பதால் துடைக்கிற தண்ணீர் முழுக்க ஒரே மூலைக்கு ஓடும். கூரையில் முழங்கை நீளத் தடிப்புக்குக் கோதுமை வைக்கோல். குருவிகள் அதைப் பிடுங்கி வாசலில் போடும். கூட்டி நிமிர்வதற்குள் மறுபடியும் போடும்.

அக்காவின் மகளுக்குக் கனடாவில் சம்பந்தம் பேசினார்கள். ஏற்கெனவே இரண்டு தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் அக்கா படுத்துவிடுவார் என்று எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் படம் கேட்டார்கள். அக்காவின் மகள் என்னைப் பார்க்க வேலையிடத்துக்கு வந்தபோது, அந்த வீட்டு வாசலில் ரோசாச் செடியோடு நின்று எடுத்த படம்தான் இருந்ததில் நல்லது. அக்கா அதையே அனுப்பினார்.

பிறகு, நான் அக்கா வீட்டில் இருந்த ஒரு நாள், மாப்பிள்ளையின் தாய் கனடாவிலிருந்து போன் எடுத்தார். அவர் பேசிய சத்தத்தில் அக்கா ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தார். எனக்கும் கேட்டது.

“பிள்ளை வடிவுதான், குறை சொல்லேல்லை. ஆனா லண்டனுக்குப் போயும் நீங்கள் கொட்டிலிலயோ இருக்கிறியள்?”

“ஐயோ, அது கொட்டில் இல்லை. விசயம் தெரிஞ்ச ஆள் இஞ்ச இருக்கிறா” என்று அக்கா ரிசீவரை என் கையில் திணித்தார். பஸ்ஸில் மணி அடிக்கக் கூச்சப்பட்டு அடுத்த தரிப்பில் இறங்குகிறவள் நான்.

“அக்கா, நாங்கள் அங்க இருக்கேல்லை. நான் அங்க வேலை செய்யிறன்” என்றேன் மாப்பிள்ளையின் தாயிடம்.

“அப்ப வேலையும் கொட்டிலிலயோ?”

அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. “முழுக்க ஓக் மரச் சட்டம், அக்கா. ஒரு இரும்பாணி இல்லை. மர முளைதான் அடிச்சிருக்கினம்.”

“ஆணி வாங்கவும் வழியில்லையோ?”

“சட்டத்துக்கு இடையில கம்பு பின்னி, மண்ணும் வைக்கலும் சாணியும் குழைச்சுப் பூசி...”

“சாணியோ! லண்டனில சாணியோ!”

“கூரை வெளிய நல்லா நீட்டியிருக்கு. மழைத்தண்ணி சுவரில படாது.”

“அப்ப மழைத்தண்ணி வடியப் பீலியும் இல்லை.”

“இல்லை” என்றேன். உள்ளதைச் சொல்லச் சொல்ல அந்த வீடு இன்னும் ஏழையாகிக்கொண்டே போனது.

அக்கா ரிசீவரைப் பறித்து, அதன் வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டு என்னிடம் சீறினார். “சாணியை ஏன்டி சொன்னனி? தோர்ண்டன் ஹீத்தில ஆரின்டையாவது நல்ல செங்கல் வீட்டுக்கு முன்னால இவளை நிப்பாட்டி வேற படம் எடுப்பம்.”

“அதுவும் எங்கட வீடில்லை, அம்மா” என்றபடி வந்த மகள் ரிசீவரை வாங்கினாள். “அன்ரி, நாங்கள் இருக்கிறது லூயிஷாமில, கவுன்சில் வாடகைக்குக் குடுத்த பிளாட். எட்டாம் மாடி. எங்களுக்குக் கூரையே இல்லை, மேல இன்னொரு குடும்பம் இருக்கு. அவையள் குளிச்சா எங்கட சுவர் நனையும். லிப்ட் இருக்கு, ஓடாது. விருப்பமெண்டா வாங்கோ.”

அக்கா அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

“சுவர் என்னத்தில கட்டினது, பிள்ளை?” என்று ரிசீவருக்குள்ளிருந்து கேட்டது.

“கொங்கிரீட், அன்ரி.”

“அப்ப கல்வீடுதானே! முதலே சொல்லியிருக்கலாமே. மகனைச் சித்திரையில அனுப்பிறன், வந்து பாக்கட்டும்.”

அக்கா அழுதார், சிரித்தார், தேத்தண்ணி வைக்க எழும்பினார். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. மேல்வீட்டுக்காரர் குளித்தால் ஊறுகிற சுவர் பாஸ். ஐந்நூறு வருடம் நின்ற ஓக் மரம் பெயில். அதிலும் அந்தப் பண்ணை வீட்டு அடுப்பின் புகைக்கூண்டைப் பற்றி நான் இன்னும் தொடங்கவே இல்லை. அதற்குள் ஒரு கட்டில் போடலாம்.