சிவப்பு ஸ்டிக்கரில் ஒரு சொல்

என் மேசை இழுப்பறையின் உள்பக்கத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. பழுதான பிளாஸ்டிக் பாகங்களில் ஒட்டுவதற்காக எங்கள் தொழிற்சாலையில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் ‘ரிஜெக்ட்’ ஸ்டிக்கர்தான். அதன் ஓரத்தில் ஒரு சொல்லும் அதன் பொருளும் பேனாவால் எழுதப்பட்டிருக்கிறது. எழுதிய அக்கா வேலையை விட்டுப் போய் ஆறு வருடம் ஆகிறது. பிய்த்து எறிய வேண்டும் என்று அவ்வப்போது நினைப்பேன், நினைப்பதோடு சரி.

புக்கிட் தெங்கா தொழிற்பேட்டையில் நான் அலுவலகக் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது, அந்த அக்கா உற்பத்திப் பிரிவில் பதினோரு வருடம் முடித்திருந்தார். வந்த மேற்பார்வையாளர்களுக்கெல்லாம் வேலை பழக்கியவர் அவர்தான். மேற்பார்வையாளர் இடம் மறுபடி காலியானதும், இந்த முறை தானே விண்ணப்பிப்பது என்று முடிவு செய்துவிட்டார். ஒரே தடை, நேர்காணல் ஆங்கிலத்தில். “தம்பி, ஒரு நாளைக்கு அஞ்சு வார்த்தை சொல்லிக் குடு லா, போதும்” என்று கேன்டீனில் என்னைப் பிடித்துக்கொண்டார். நானும் பட்டியல் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் ஒன்றுகூட நினைவில் நிற்காது. அவருக்கும் அலுத்தது, எனக்கும் அலுத்தது. ஒருநாள் அகராதியில் பார்த்ததைப் பேச்சுவாக்கில் சொன்னேன்: ‘ஜெக்ட்’ என்றால் பழைய லத்தீனில் எறிவது. அக்கா தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டார்.

“அப்போ ரிஜெக்ட்னா திருப்பி எறியிறது. இஜெக்ட் பட்டன அழுத்தினா மெஷின் சாமான வெளிய எறியுது. இன்ஜெக்‌ஷன்ல பிளாஸ்டிக்க அச்சுக்குள்ள எறியுது. எல்லாம் ஒரே குடும்பம்! பதினோரு வருஷமா இதுங்க கூடத்தான நிக்கிறேன், ஒருத்தரும் சொல்லல பாரு.”

அதன்பிறகு எந்தச் சொல்லைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: “இது எந்தக் குடும்பம்?” தெரிந்துகொண்டதை ஒரு சிவப்பு ஸ்டிக்கரில் எழுதித் தன் லாக்கர் கதவில் ஒட்டிவிடுவார். இரண்டு மாதத்தில் கதவே தெரியவில்லை. சுவரில் தொங்கும் பாதுகாப்பு அறிவிப்புகளை அவர் நின்று வாசிப்பதைப் பார்க்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கும்.

நேர்காணல் நடந்தது. வேலை வெளியாள் ஒருவருக்குப் போனது. அக்காவுக்கான கடிதத்தைத் தட்டச்சு செய்ததும் நான், கொண்டுபோய்க் கொடுத்ததும் நான். முகத்தைப் பார்க்க முடியாமல், “அடுத்த வருஷம் திரும்பக் கூப்பிடுவாங்களாம்க்கா” என்று சொல்லிவைத்தேன். அவர் இப்போது ஆங்கிலம் வாசிப்பார் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. விரலை வரிவரியாக ஓட்டிக் கடைசிவரை வாசித்தார்.

“பொய் சொல்லாத தம்பி. கீழ ரிஜெக்ட்னு போட்டிருக்கு, அது எனக்குத் தெரியும். மேல முதல் வரியில ரிக்ரெட்னு இருக்கே, அது எந்தக் குடும்பம்?”

வருந்துகிறோம் என்று பொருள் தெரியும், குடும்பம் தெரியாததால் கைப்பேசியில் தேடினேன். செத்தவர்களை நினைத்து அழுவது என்பதுதான் அதன் பழைய பொருள் என்று போட்டிருந்தது. அப்படியே சொன்னேன்.

“அப்படியா? இத எழுதறப்போ யாரு அழுதாங்க?”

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அடுத்த மாதம் வேலையை விட்டார். லாக்கரைக் காலி செய்த அன்று என் மேசைக்கு வந்து இந்த ஒரு ஸ்டிக்கரை மட்டும் இழுப்பறைக்குள் ஒட்டிவிட்டு, “வரேன் தம்பி” என்று போனார்.

இப்போதும் காலையில் ஜார்ஜ்டவுனிலிருந்து பாலம் தாண்டி வந்து அதே நாற்காலியில்தான் உட்காருகிறேன். இன்று நான்கு பேருக்கு நிராகரிப்புக் கடிதம். முதல் வரி அதே வரி. ஸ்டேப்ளர் எடுக்க இழுப்பறையைத் திறந்தேன். ‘ரிக்ரெட் – அழுவது’. சிவப்பு வெளுத்திருக்கிறது, எழுத்து அப்படியே இருக்கிறது.

யாரும் அழவில்லை, அக்கா. கணினியில் போன முறைக் கடிதத்தைத் திறந்து, பெயரை மட்டும் மாற்றினேன். அன்றைக்கும் அப்படித்தான்.