சுற்றிப் போட ஒரு கை

முத்தியால்பேட்டையில் தனியாக இருக்கும் ஜீனத்துன்னிசாவுக்குக் கடுகு இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. ஊறுகாய் போட்டு விற்பதுதான் பிழைப்பு. மூட்டு வலித்தால் கடுகை அரைத்துப் பற்றுப் போடுவாள். சளி பிடித்தால் கடுகு போட்ட வெந்நீரில் கால்களை நனைத்துக்கொண்டு உட்காருவாள். இதற்கெல்லாம் யாருடைய தயவும் வேண்டாம்.

கண் பட்டுவிட்டது என்று தெருவில் அழுகிற பிள்ளைகளை அவளிடம்தான் தூக்கி வருவார்கள். “மொதல்ல வயித்துக்குக் குடுத்தியா?” என்று தாயைத் திட்டிக்கொண்டே கடுகும் உப்பும் கைக்குள் மூடி, பிள்ளையைச் சுற்றி, காய்ந்த சட்டியில் போடுவாள். படபடவென்று வெடித்ததும், “பாத்தியா, எவ்ளோ கண்ணு!” என்பாள்.

நேற்று அவளுக்கே தலை கனத்தது. சோறு இறங்கவில்லை. கடுகைக் கைக்குள் மூடிக்கொண்டாள். தனக்குத்தானே சுற்றினால் கழியாது. இன்னொருவர் கை வேண்டும். மகள் நிதா கடல் கடந்து பாரீசில் இருக்கிறாள். எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட வாசல்வரை போனவள், “உன்ன யாரு கண்ணு வெச்சாங்கன்னு சிரிப்பா” என்று முனகியபடி திரும்பிவிட்டாள்.

சட்டியில் எண்ணெய் ஊற்றி, அந்தக் கடுகை ரசத்துக்கே தாளித்தாள். படபடவென்று வெடித்தது.

“பாத்தியா, எவ்ளோ கண்ணு!” என்று பழக்கத்தில் திரும்பினாள்.

இடுப்பில் பிள்ளையோடு யாரும் நிற்கவில்லை.