எட்டுக் கால் தட்டான்

மல்லாத்திப் போட்டுத்தான் பார்க்கிறார் ராபர்ட். செத்த கரப்பானோ, செய்துவைத்த கரப்பானோ, முதலில் அதன் முதுகைத் தரையில் வைத்துவிட வேண்டும். நெற்றியில் கட்டிய விளக்கை வயிற்றின் மேல் அடித்து, ஈர்க்குச்சியின் நுனியால் ஒவ்வொரு காலாகத் தொட்டு, உதடு அசைய எண்ணுகிறார். ஆறு வந்தால் ஒரு தலையாட்டல். ஐந்தோ ஏழோ வந்தால், செய்தவரை ஏற இறங்க ஒரு பார்வை. "முதுகு சோக்காத்தான் சார் இருக்கும். வவுத்தப் பாரு, வண்டவாளம் தெரியும்" என்பார்.

பட்டினப்பாக்கத்துக்காரர், வயது ஐம்பத்து மூன்று. மீன்பிடிக்கிற குடும்பம். ஆனால் படகில் ஏறிய அரை மணியில் இவருக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். மூன்று முறை கடலுக்குக் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு, நான்காம் முறை அப்பாவே கரையில் நிறுத்திவிட்டாராம். கரையில் கிடைத்த வேலையெல்லாம் பார்த்து, கடைசியில் முதுகில் மருந்து டாங்க். இருபத்தாறு வருடமாக அடையாறு, மயிலாப்பூர் வீடுகளின் சமையல் மேடைக்கு அடியில் படுத்துக்கொண்டு பூச்சி மருந்து அடிக்கிறார். எங்கள் அடையாறு குடியிருப்பில் மட்டும் அறுபது வீடுகள். அவருடைய பிழைப்பில் பாதி அது. குழாய்க்குப் பின்னால் கரப்பானின் மீசை தெரிந்துவிட்டால் குரல் குழைந்துவிடும். "வா ராசா, டைம் ஆய்டுச்சு."

காக்கிச் சட்டைப் பையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கும். அதற்குள் அவரே செய்த பூச்சிகள். விளையாட்டுக்குச் செய்தவை அல்ல. படித்தவர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் கறையானுக்கும் சிறகு முளைத்த எறும்புக்கும் வித்தியாசம் தெரியாது. எறும்பைக் காட்டி, கறையான் வந்துவிட்டது, கதவைப் பெயர்க்க வேண்டுமா என்று அலறுவார்கள். இவர் டப்பாவைத் திறந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். "இத்தப் பாரு, இடுப்பு கீது. இது எறும்பு. அதுக்கு இடுப்பே இல்ல, ஒரே தடிமன். அதான் கறையான்."

எந்தப் பூச்சிக்கு எந்தப் பொருள் என்பதில் அவருக்குச் சட்டமே உண்டு. கறையானுக்கு மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தி. கரப்பான் சிறகுக்குப் பழைய போட்டோ நெகட்டிவ், அந்தப் பழுப்பும் பளபளப்பும் வேறெதிலும் வராது. மூட்டைப்பூச்சிக்குக் கொள்ளு. ஈயின் சிறகுக்குச் சங்கரா மீன் செதில். மனைவி தேசம்மா பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறார் என்பதால் செதிலுக்குப் பஞ்சமில்லை. களிமண்ணில் எறும்பு செய்பவர்களைக் கண்டால் மட்டும் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "இன்னா தகிரியம் இருந்தா களிமண்ணுல எறும்பு செய்வ? இடுப்பு எங்க நிக்கும்?" தெர்மாகோல் என்றால் பேச்சே கிடையாது. "அது பூச்சி இல்ல சார், இட்லி."

இப்பேர்ப்பட்ட மனிதரை வம்பில் மாட்டிவிட்டது நான்தான். போன ஜூனில் எங்கள் சங்கம் 'பூச்சிகள் நம் நண்பர்கள்' என்று ஒரு கைவினைப் போட்டி வைத்தது. வருடத்துக்கு மூன்று முறை மருந்தடித்து நண்பர்களைக் கொல்கிற சங்கம்தான். வீட்டில் கிடைக்கும் பொருளால், சொந்தக் கையால், ஒரு பூச்சி செய்ய வேண்டும். குடியிருக்கும் பெரியவர்கள் யாரும் கலந்துகொள்ளலாம். நடுவர் யார் என்ற பேச்சு வந்ததும், ராபர்ட்டைக் கூப்பிடலாமே என்று வாய் சும்மா இருக்காமல் சொன்னேன். செயலாளர் ராஜரத்தினத்துக்குத் தி.நகரில் பாத்திரக்கடை. அவர் கேட்ட ஒரே கேள்வி, "சும்மா வருவானா?" என்பதுதான்.

ராபர்ட் வந்தார். சலவைச் சட்டை, சீவிய தலை, அதற்கு மேல் அதே நெற்றி விளக்கு. பதினேழு பூச்சிகள் மேஜையில் இருந்தன. பதினைந்து நிமிடத்தில் முடித்துவிட்டு போண்டா சாப்பிடலாம் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவர் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றையும் மல்லாத்தி, எண்ணி, விரலால் மெல்லத் தட்டி, நடக்கவிட்டால் நடக்குமா என்று யோசித்தார். இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் பூஜா உடைந்த தலைப்பின்களை வளைத்து ஓர் எறும்பு செய்திருந்தாள். அதன் முன்னால் தரையில் உட்கார்ந்தே விட்டார். "யம்மா, காலு ஆறும் நெஞ்சுலருந்து வருது பாரு. இடுப்பு பாரு. கொம்புல முழங்கை மாதிரி ஒரு மடிப்பு இருக்கும், அத்த மட்டும் உட்டுட்ட." அந்த மடிப்புக்காக ஒன்றைக் குறைத்து, பத்துக்கு ஒன்பது போட்டார்.

கடைசியாகத் தங்க வண்ணத்தில் ஓர் உலோகத் தட்டான். செயலாளரின் மருமகள் மதுமதி பெயரில் வைத்திருந்தார்கள். ராபர்ட் அதை மல்லாத்தினார். எண்ணினார். மறுபடி எண்ணினார். கால்கள் எட்டு. அதில் நான்கு வயிற்றிலிருந்து கிளம்பியிருந்தன. கால்களுக்கு நடுவே பாண்டி பஜார் கடையொன்றின் விலைச் சீட்டு, கிழிக்கக்கூட இல்லாமல். சீட்டை அவர் விரலால் ஒதுக்கினார். கால்களைத்தான் காட்டினார். "வவுத்துல காலு மொளச்சா அது எப்புடி சார் பறக்கும்?" ஒரு முட்டை போட்டார்.

மதிப்பெண் தாளில் எழுத ராஜரத்தினம் கொடுத்தது பென்சில். "தப்பா விழுந்தா அழிச்சிக்கலாம் பாரு" என்றார். கையெழுத்துக்கு மட்டும் பேனா நீட்டினார். ராபர்ட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு, ஒரு போண்டா தின்றுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை சங்கத்தின் வாட்ஸப்பில் அந்தத் தாளின் படம் வந்தது. முதல் பரிசு மதுமதி. அழிப்பதற்கு வேலையே இருந்திருக்கவில்லை. ராபர்ட் போட்ட முட்டைக்கு முன்னால் பென்சிலால் ஒரே ஒரு கோடு. பத்துக்குப் பத்து. அடியில் அவருடைய நீல மைக் கையெழுத்து. அதற்கும் அடியில், 'நடுவர்: பூச்சி நிபுணர் திரு. ராபர்ட்'.

நான் நேராகச் செயலாளர் வீட்டுக்குப் போனேன். அவர் மறுக்கவில்லை என்பதுதான் கொடுமை. "வாடகைக்கு இருக்கிறவங்க சார். இன்னைக்கு இருப்பாங்க, நாளைக்கு மூட்டையக் கட்டிருவாங்க. ஓனர் வீட்டுக்குக் குடுத்தா பரிசு நம்ம பில்டிங்லயே இருக்கும்லா?" இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பொறுப்பான சிரிப்பு வேறு. பராமரிப்புப் பணத்தை வாடகைக்காரர்களிடம்தானே மாதம் தவறாமல் வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். தட்டானில் இருந்த விலைச் சீட்டு என்னாயிற்று என்று கேட்டேன். "எந்தச் சீட்டு?" என்றார். அதற்குள் உரித்துவிட்டிருந்தார்கள்.

பரிசு கைமாறியதைவிட ராபர்ட்டைச் சுட்டது வேறு. எங்கள் கட்டடத்தில் பாதிப் பேர் தேசம்மாவிடம்தான் மீன் வாங்குகிறார்கள். "உங்க வீட்டுக்காரரு எட்டுக் கால் தட்டானுக்குப் பத்து குடுத்தாராமே?" என்று ஒருவர் கேட்டு, நாலு பேர் சிரித்து, தேசம்மா தராசைக் கீழே வைத்துவிட்டாராம். அதற்கடுத்த நாள் படிக்கட்டில் பூஜா கேட்டுவிட்டாள். "ஏண்ணா, என் எறும்புக்குக் கொம்பு மடிப்பெல்லாம் பார்த்தீங்க. அதுக்குக் கால்கூட எண்ணலையா?"

"நான் எண்ணல்லன்னு கேக்குது சார் அந்தப் பொண்ணு" என்றார் என்னிடம். டாங்க்கின் பட்டையை இழுத்து இறுக்கினார். "இருவத்தாறு வருசமா எண்ணிக்கினு கீறேன். எம் பேரப் போட்டு, கீழ எட்டு காலு. இன்னா அநியாயம் சார் இது?"

செயலாளரிடமும் போய்ச் சொல்லியிருக்கிறார், தாளைத் திருத்திப் போடுங்கள் என்று. ராஜரத்தினம் கோபப்படவில்லை. "சனிக்கிழமை உன் கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும், ஞாபகம் இருக்குல்லா ராபர்ட்டு?" என்று மட்டும் கேட்டாராம். வேலைக்குக் கிளம்பும்போது தேசம்மா புருஷனைக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லி அனுப்பினாராம். "அறுபது ஊடுய்யா. வாயத் தொறக்காத, நல்லாருப்ப."

சனிக்கிழமை பத்து மணி. கீழ்த்தளத்தில் லிப்டுக்குப் பக்கத்தில் கண்ணாடி அலமாரி. மேல் தட்டில் தங்கத் தட்டான், காலடியில் 'முதல் பரிசு' என்று அட்டை. கான்ட்ராக்ட் காகிதத்தையும் பேனாவையும் வைத்துக்கொண்டு ராஜரத்தினம் காத்திருந்தார். சங்கக் கூட்டத்துக்கு வந்த ஏழெட்டுப் பேர் இருந்தோம். லிப்டிலிருந்து பூஜா வெளியே வந்தாள். தரைத்தள வீட்டில் மருந்தடித்துவிட்டு வந்த ராபர்ட்டின் நெற்றியில் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"வா வா, சைன் போட்டுருவோம். நீ முதல்ல போடு, அப்புறம் நான்" என்றார் ராஜரத்தினம், பேனாவை நீட்டி.

ராபர்ட் டாங்க்கை இறக்கி வைத்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அலமாரிக் கண்ணாடியைத் தள்ளி, தட்டானை எடுத்து, அதே அட்டையின் மேல் மல்லாத்தி வைத்தார். உரித்த சீட்டின் பசையில் தூசி ஒட்டி, வயிற்றில் கறுப்பாக ஒரு சதுரம் இருந்தது. கண்ணாடியை மூடினார்.

"ஏ, என்னப்பா பண்ற?" என்றார் ராஜரத்தினம்.

ராபர்ட் அவர் பக்கம் திரும்பவில்லை. விளக்கைத் தட்டானுக்கு நேராகச் சாய்த்தார். கண்ணாடியின் மேல் விரலை வைத்து, இந்த முறை உதட்டுக்குள் அல்ல, லிப்டு வாசல் வரைக்கும் கேட்கும்படி எண்ணினார். ஒன்று, இரண்டு என்று நிதானமாக, ஒவ்வொரு காலுக்கும் கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டி. எட்டு வரை எண்ணி முடித்த பிறகுதான், பேனாவுக்குக் கையை நீட்டினார்.