விருந்தாளிகளுக்கு முதுகு காட்டிய அனார்குல்

எங்கள் அனார்குல் வாயைத் திறந்தால் மூன்று மொழி வரும். கோபம் வந்தால் மூன்றும் சேர்ந்து வரும். பிஷ்கெக்கில் ஒரு வணிகக் கல்லூரியில் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் அவள் பொறுப்பு. அலுவலகம் என்றால் இரண்டு அறை, ஒரு கெட்டில், அவள். வேன் ஓட்ட நான், ஷர்ஷென். அவளைவிட நாலு வயது மூத்தவன் என்பதால் என்னை அண்ணே என்பாள். மரியாதை அந்த ஒரு சொல்லோடு சரி. பிரேக்கை எங்கே மிதிக்க வேண்டும் என்பது வரைக்கும் அவள்தான் உத்தரவு போடுவாள்.

நாலு வருஷமாக ஏப்ரலில் பின்லாந்திலிருந்து ஒரு கூட்டம் வரும். வணிகம் படிக்கிற பிள்ளைகள் பதினாலு பேர், கூடவே பிர்யோ என்கிற பேராசிரியை. பத்து நாள் எங்கள் ஊர்க் கம்பெனிகளுக்குப் போய், தொழில் எப்படி நடக்கிறது என்று நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். ஏற்பாடு அப்படி. நடந்தது எல்லாம் சாப்பாடுதான்.

வேறென்ன நடக்கும்? அத்தனை தூரத்திலிருந்து வந்த பிள்ளைகளை வெறும் வயிற்றோடு மெஷினைப் பார் என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு மனசு வருமா? பால் தொழிற்சாலைக்குப் போனோம். வாசலிலேயே ரொட்டியும் வெண்ணெயும். உள்ளே குதிரைக்கறி, ஆட்டுக்கறி, எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டி மலை மலையாக. ஒவ்வொருவராக எழுந்து நின்று வாழ்த்திப் பேசி முடிப்பதற்குள் ஷிப்ட் முடிந்துவிட்டது. தேன் கம்பெனியில் எல்லோர் தலையிலும் வெள்ளைக் கம்பளித் தொப்பி மாட்டி இரண்டு மணி நேரம் பாட்டுப் பாடினார்கள். பையன்கள் மூக்கு முட்டத் தின்றுவிட்டு வேனில் தூங்குவார்கள். நானும் குறை வைத்ததில்லை, ஒத்துக்கொள்கிறேன். நாலு வருஷத்தில் அந்தப் பிள்ளைகள் ஓடுகிற மெஷின் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

இந்த வருஷம் கிளம்பும் முன்பே பிர்யோ கடிதம் எழுதிவிட்டாள். மாணவர்கள் எழுதிக் கொடுக்கும் அறிக்கையில் மூன்று பக்கம் இருந்தால் இரண்டு பக்கம் விருந்தைப் பற்றி இருக்கிறதாம். அன்புக்கு நன்றி, இந்தத் தடவையும் இப்படியென்றால் அடுத்த வருஷம் வேறு நாட்டுக்குப் போய்விடுவோம் என்று. அந்தக் கூட்டம் நின்றால் அலுவலகமும் நிற்கும். கல்லூரித் தலைவர் அதை ஒளிக்காமலே சொல்லிவிட்டார். அனார்குலுக்கு ஐம்பத்தெட்டு. ஓய்வூதியம் வாங்குகிற வயது வந்தாச்சு, வீட்டில் இருக்கலாமே என்றாராம்.

“வீட்ல உக்காந்து நான் என்ன பண்ணட்டும் அண்ணே? ஜன்னல் வழியா பஸ்ஸை எண்ணவா?” என்றாள் என்னிடம். புருஷன் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம், மகள் மாஸ்கோவில். அந்தப் பிள்ளைகள் வருகிற பத்து நாளுக்காகத்தான் மீதி வருஷத்தை ஓட்டுகிறாள் என்பது எனக்குத் தெரியும். ஏப்ரல் பிறந்தால் நடையே மாறிவிடும் அவளுக்கு.

அவளைப் பற்றி இன்னொன்றும் எனக்கு மட்டும் தெரியும். சோவியத் காலத்தில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கவிழ்ந்தபோது சம்பளம் நின்றது, வேலையும் போனது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் நிலவறையில் பிளவுஸ் தைக்கப் போனாள். எட்டு வருஷம். தைத்ததை மூட்டை கட்டி தோர்தோய் சந்தைக்கு ஏற்றிப் போனவன் நான். அப்புறம் இந்தக் கல்லூரியில் வேலை கிடைத்து, நல்ல கோட்டும் அதில் குத்திய புரோச்சுமாக எல்லோருக்கும் மறுபடி டீச்சர் ஆகிவிட்டாள். நிலவறைப் பேச்சை நான் எடுத்தால் முகம் இறுகிவிடும். நானும் எடுப்பதை விட்டுவிட்டேன்.

கடிதம் வந்த அன்றே சாய்ரா என்பவளுக்குப் போன் போட்டாள். ஊர் ஓரத்தில் நாற்பது பெண்களை வைத்து உடுப்புத் தைத்து ரஷ்யாவுக்கு அனுப்புகிறவள் சாய்ரா. விருந்து வேண்டாம், மேசை போடாதே, வேலையை மட்டும் காட்டு என்று அனார்குல் சொன்னதும் சாய்ரா, நான் என்ன தப்புப் பண்ணினேன் என்று கேட்டாளாம். ஒரு மணி நேரம் கெஞ்சிக் கூத்தாடித்தான் சம்மதிக்க வைத்தாள்.

போனோம். மேசை இல்லை, சாய்ரா சொன்ன சொல் தவறவில்லை. ஆனால் கூடம் முழுக்க மயான அமைதி. நாற்பது மெஷினும் துடைத்துப் பளபளவென்று இருக்க, நாற்பது பெண்களும் புதுத் தலைத்துணி கட்டி வாசலைப் பார்த்து வரிசையாக நின்றார்கள்.

“உக்காரச் சொல்லு சாய்ரா” என்றாள் அனார்குல்.

“எப்படிக்கா உக்காருவாங்க?” சாய்ராவுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. “மெஷினெல்லாம் ஜன்னலைப் பாத்துக் கெடக்கு. உக்காந்தா விருந்தாளிக்கு முதுகைக் காட்டணுமே.”

அப்போதுதான் எனக்கே உறைத்தது. அடுப்படிக்குப் போவதென்றால்கூட விருந்தாளியைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து போகிற ஆட்கள் நாங்கள். நாற்பது பேர் முதுகைக் காட்டி உட்காருவதாவது! பிர்யோ கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பையன்கள் நோட்டை மூடினார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அனார்குல் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். முன்வரிசையில் நின்ற பெர்மெட் என்ற சின்னப் பெண்ணை நகரச் சொன்னாள். அந்தப் பெண்ணின் மெஷினில் தானே உட்கார்ந்தாள், எங்களுக்கெல்லாம் முதுகைக் காட்டி. முதலில் விருந்தாளிகளுக்குப் புரிகிற மொழியில் ஏதோ சொன்னாள், அப்புறம் எங்கள் மொழியில் அதையே சொன்னாள்.

“இந்த மாதிரி நாற்காலியில எட்டு வருஷம் உக்காந்திருந்தவ நான். முதுகு காட்டுறது தப்புதான், அந்தத் தப்பை நான் பண்றேன். பாக்கணும்னா பின்னாடி வந்து நில்லுங்க.”

மெஷின் ஓடியது. ஒரு பிளவுஸ் கழுத்துப்பட்டியை எடுத்துத் தைத்தாள். கை மறக்கவில்லைதான், ஆனால் துணி வேறு, மெஷின் வேறு, வேகம் வேறு. ஓரம் சுருங்கிக் கோணிக்கொண்டு வந்தது. பெர்மெட் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள், பார்த்தாள், அதற்குமேல் அவளால் முடியவில்லை.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. இதை அனுப்பினா மறுநாளே திரும்பி வந்துடும்” என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டாள். பக்கத்து மெஷினில் உட்கார்ந்து தையலைப் பிரித்தாள், எப்படித் தைப்பது என்று காட்டினாள். முதுகைப் பற்றிய நினைப்பே அவளுக்கு இல்லை. யாரோ சிரித்தார்கள். அடுத்தவள் உட்கார்ந்தாள், அப்புறம் அடுத்தவள். கொஞ்ச நேரத்தில் கூடம் இரைச்சலில் அதிர்ந்தது.

பிள்ளைகள் ஆளுக்கொரு மெஷின் பின்னால் போய் நின்றுவிட்டார்கள். ஆப்போ என்றொரு நெட்டைப் பையன், தைத்த துணிக்கட்டு ஏன் ஜன்னல் வரிசையிலிருந்து வாசல் வரிசைக்குப் போய் மறுபடி ஜன்னலுக்கே வருகிறது என்று கேட்டான். எப்பவும் அப்படித்தான் என்றாள் சாய்ரா. பெர்மெட் திரும்பிப் பார்க்காமலே, நானும் ஒரு வருஷமா இதைத்தானே கேக்குறேன் என்றாள். அப்புறம் மூன்று பேரும் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுச் சண்டை பிடித்தார்கள். அனார்குலுக்கு மொழிபெயர்க்க வாய் ஓயவில்லை. நாலு வருஷத்தில் அவளை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை. மத்தியானம் சாய்ரா பார்சல் கட்டும் அறையைத் திறந்தாள். உள்ளே மேசை நிறையப் பண்டம். நாங்கள் எல்லாம் திருந்துகிற ஜாதியா?

சாப்பிடும்போது ஆப்போ அனார்குலிடம் ஒன்று கேட்டான். அவள் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னாள். “இந்த எட்டு வருஷ அனுபவத்தைப் பாத்துத்தான் காலேஜ்ல வேலை குடுத்தாங்களான்னு கேக்குறான். விண்ணப்பத்துல நான் அதை எழுதவேயில்ல. எட்டு வருஷம் வேலை இல்லாம வீட்ல இருந்தேன்னு எழுதினேன்.”

பெர்மெட் மெதுவாகக் கேட்டாள், “வெக்கமா இருந்துச்சாக்கா?”

“ஆமா தங்கச்சி. வெக்கப்பட்டோமேன்னு இன்னைக்குத்தான் வெக்கமா இருக்கு.”

பெர்மெட் அவளுக்கு இன்னொரு கிண்ணம் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

அடுத்த வருஷமும் வருவோம், வந்தால் ஒரு முழு நாள் இங்கேயே இருப்போம் என்று பிர்யோ வேனில் ஏறும்போதே சொல்லிவிட்டாள். அனார்குல் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வழி நெடுக அழுதாள். நான் ரேடியோவைக் கூட்டி வைத்தேன், பின்னால் கேட்காமலிருக்க.

பிள்ளைகளை விமானம் ஏற்றிவிட்ட மறுநாள் கல்லூரியில் பணியாளர் பிரிவுக்குப் போய்த் தன் கோப்பை எடுக்கச் சொன்னாள். அந்த எட்டு வருஷத்துக்கு நேராகத் தையல் வேலை என்று எழுதச் சொன்னாள். அங்கே இருந்த பெண், இப்ப எதுக்கு டீச்சர் இதெல்லாம், அந்தக் கம்பெனிக் காகிதம் ஏதாவது இருக்கா என்றாள். நிலவறைக்கு ஏது காகிதம்? காகிதம் இல்லையென்றால் கூடவே இருந்து பார்த்தவர் யாராவது கையெழுத்துப் போட வேண்டும் என்றாள் அந்தப் பெண்.

அனார்குல் வெளியே வந்து வேன் கதவைத் தட்டினாள். “அண்ணே, கொஞ்சம் உள்ள வர்றீங்களா?” என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் உத்தரவு போடாமல் கேட்டது அன்றைக்குத்தான். நான் போய்க் கையெழுத்துப் போட்டேன்.