அது, அவ, அவங்க

துறைமுகத்தில் அவளுக்கு ‘மேல’ என்று பெயர். கிரேன் ஓட்டுகிறவர்களை வாக்கிடாக்கியில் கூப்பிடும்போது எண்ணைச் சொல்லி, பின்னால் ஒரு அண்ணனையோ தம்பியையோ ஒட்டிவிடுவார்கள். கீழே நின்று கை காட்டும் சிக்னல்காரருக்கு இவளுக்கு மட்டும் எதை ஒட்டுவதென்று பிடிபடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, “மேல, மேல... மெதுவா இறக்கு” என்றார். இரும்பு ஏணியில் ஏறி உச்சிக் கூண்டில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. அதுவே நிலைத்துவிட்டது.

திருநங்கை ஒருத்தி அந்தக் கூண்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பரீட்சையில் தேறி, வேலைக்கான உத்தரவும் வந்த பிறகு, கீழே நிற்பதற்கு ஆள் கிடைக்கவில்லை. “அது தூக்குற பெட்டிக்குக் கீழ நாங்க நிக்க மாட்டோம்” என்று ஒவ்வொருத்தராக ஒதுங்கிக்கொண்டார்கள். கீழிருந்து கை காட்டாமல் கிரேனை அசைக்கக்கூடாது. தினமும் காலையில் ஏறினாள், கண்ணாடியைத் துடைத்தாள், பிடிகளுக்கு எண்ணெய் விட்டாள், வெறும் கொக்கியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், மாலையில் இறங்கினாள். கடைசியில் கப்பல் ஒன்று காத்துக் கிடந்து, அதிகாரி எல்லோரையும் வாங்கு வாங்கென்று வாங்கிய ஒரு நாளில்தான் சிக்னல்காரர் வந்து நின்றார். “உள்ள உக்காந்திருக்கறது பேயா இருந்தாலும் எனக்கென்ன? பெட்டி இறங்கணும்” என்பது அவர் சொன்ன நியாயம்.

இன்னொரு சங்கதியும் இருந்தது. கீழே இரண்டு கழிப்பறைகள். ஆண்கள் பக்கம் போனால் சிரித்தார்கள். பெண்கள் பக்கம் போனால் புகார் கொடுத்தார்கள். அதனால் காலையிலிருந்து மாலை வரை ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள். கண்ணாடிக் கூண்டில் வெயில் நேராக இறங்கும். வருஷக்கணக்கில் அப்படியே ஓட்டினாள். ஒரு சிறுநீரகம் முழுதாகக் கெட்டுப்போன பிறகுதான் மூன்றாவதாக ஒரு கழிப்பறை கட்டினார்கள். அவளுக்குப் பின்னால் வேலைக்கு வந்த திருநங்கைப் பிள்ளைகள் அதற்குப் பூட்டு போட்டு, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவதைப் பார்க்க அவளுக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

இவ்வளவும் பத்திரிகையில் வந்து, பத்திரிகையிலிருந்து சினிமாவுக்குப் போனது. ஆனால் அவள் மனசில் கிடந்த ஆசை இவற்றில் எதுவுமில்லை. அது வீட்டுக்குள் இருந்தது.

அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் வெளிநாட்டில். இளையது இவள். சின்ன வயதில் இவள் நடையைப் பார்த்துவிட்டு, அப்பா வேண்டுமென்றே சத்தமாக “அவன் எங்க? அவனைக் கூப்பிடு” என்பார். அந்த ‘அவன்’ முதுகில் விழுகிற அடி மாதிரி இருக்கும். ஒரு நாள் தாங்காமல் வீட்டைவிட்டுப் போனாள். அப்பா இறந்து சில வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது, முடி வளர்ந்திருந்தது, காது குத்தியிருந்தது, உடுப்பு மாறியிருந்தது. அம்மா கதவைத் திறந்தாள். தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு அடுப்படிக்குள் போய், அங்கிருந்தே, “சாப்பாடு இருக்கு” என்றாள். சாயங்காலம் எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, “யாரு வந்திருக்கறது?” என்றபோது, “நம்ம சின்னதுதான். வந்திருக்கு” என்றாள்.

வந்திருக்கான் என்று சொல்லவில்லை. வந்திருக்கா என்றும் சொல்லவில்லை.

நேருக்கு நேர் பேசும்போது நம்முடைய மொழி யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை. வந்தியா, சாப்பிடு, படு. இதில் ஆணுமில்லை, பெண்ணுமில்லை. வால் மாதிரி ஒட்டுகிற ‘டா’வையும் ‘டீ’யையும் நறுக்கிவிட்டால் போதும். இன்னொருத்தரிடம் இவளைப் பற்றிப் பேசும்போதுதான் மாட்டிக்கொள்ள நேரும். அந்த இடம் வரும்போதெல்லாம் அம்மா ‘அது’வுக்குள் போய் ஒதுங்கிக்கொண்டாள். அது தூங்குது. அது வேலைக்குப் போயிருக்கு. அதுக்குக் காரம் ஆகாது.

தெருவில் வாயைக் கோணிக்கொண்டு இவளைச் சொல்வதும் இதே சொல்தான். தொட்டிலில் கிடக்கிற குழந்தையைச் சொல்வதும் இதே சொல்தான். இரண்டுக்கும் உள்ள தூரம் அவளுக்குத் தெரியும். காதில் விழுந்த மாத்திரத்தில் எது எந்தப் பக்கத்தது என்று சொல்லிவிடுவாள். அம்மாவுடையது தொட்டில் பக்கம். ‘அவன்’ என்பதிலிருந்து புறப்பட்ட அம்மா, ‘அது’ வரைக்கும் நடந்து வந்திருக்கிறாள். இன்னும் ஒரு எட்டு வைத்தால் ‘அவ’. ‘அவ வந்துட்டா’ என்று அம்மா வாயால் ஒரு தரம் கேட்டுவிட வேண்டும். அதுதான் ஆசை. அம்மாவுக்கும் வயதாகிக்கொண்டிருந்தது, இவளுக்கும் மிச்சமிருக்கிற ஒரு சிறுநீரகம் சொன்ன பேச்சைக் கேட்பதாக இல்லை.

இயக்குனர் முதலில் வந்த அன்று அடுப்படி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா மூத்தவனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். “அது இன்னைக்கு வேலைக்குப் போகலை. யாரோ பாக்க வந்திருக்காங்க.”

இயக்குனரின் பேனா நின்றது. “அம்மா உங்களை அதுன்னா சொல்றாங்க?”

“ஆமா சார்.”

“இத்தனை வருசமாவா?”

“இத்தனை வருசமாத்தான்.”

“கேக்க வலிக்காதா?”

அது அப்படியில்லை என்று அவள் விளக்க ஆரம்பிப்பதற்குள் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. எழுந்து போய் இறக்கி வைத்துவிட்டு வருவதற்குள் அவர் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருந்தார்.

கொஞ்ச நாள் கழித்து வந்து காட்சிகளைப் படித்துக் காட்டினார். படத்தில் அம்மா வாசலில் துடைப்பத்தோடு நின்று, ‘அது என் வாசப்படியை மிதிக்கக் கூடாது’ என்று கத்துகிறாள். கடைசியில் துறைமுகத்துக்கு ஓடி வந்து, கிரேனுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, ‘மகளே’ என்கிறாள்.

“எங்கம்மா துடைப்பத்தை எடுக்கலை சார். சாப்பாடு இருக்குன்னாங்க.”

“அதுல மோதல் இல்லையேம்மா.”

“கடைசியில வர்ற வார்த்தையையும் அவங்க சொன்னதில்லை.”

“சொல்லலைன்னா படம் எப்படி முடியும்?”

“அப்ப அந்தத் தண்ணி குடிக்காத விசயத்தையாவது வைங்க.”

“அதை எப்படிக் காட்டுறது? ஜனங்க சாப்பிட்டுட்டு வந்து உக்காருவாங்க.”

பிடிவாதம் பிடித்திருந்தால் அம்மா வருகிற அந்த இரண்டு காட்சிகளையும் நீக்க வைத்திருக்கலாம். அவள் கையெழுத்து இல்லாமல் படம் நகராது. ஆனால் ‘மகளே’ என்ற இடத்தில் அவள் மனசு சறுக்கியது. சினிமாவில் கேட்ட பேச்சை வீட்டில் வந்து பேசிப் பார்க்காதவர்கள் யார் இருக்கிறார்கள்? இருட்டில் உட்கார்ந்து அம்மா அதைக் கேட்பாள். திரையில் இன்னொரு அம்மா சொன்ன பிறகு, இந்த அம்மாவின் நாக்கும் அந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பினாலும் திரும்பலாம். ‘மகளே’ வரைக்கும் போக வேண்டாம், ‘அவ’ போதும். துடைப்பக் காட்சியை அதற்கான கூலியாக வைத்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அவளாக நடித்தவர் ஒரு ஆண். நல்ல மாதிரி, வார்த்தைக்கு வார்த்தை அக்கா என்பார். ஏணியைப் பார்க்க வந்த அன்று, “அக்கா, தினமும் இதுலயா ஏறுவீங்க?” என்றார்.

“இல்ல, பறந்து போவேன்.”

நாலைந்து படி ஏறியவர் கீழே பார்த்துவிட்டார். அவ்வளவுதான், ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். இறக்குவதற்கு இரண்டு பேர் ஏற வேண்டியிருந்தது. “இந்தப் பிடி பிடிச்ச பிறகு ஏணியை வேற யாருக்கும் கட்டிக் கொடுக்க முடியாது” என்றார் சிக்னல்காரர். கூண்டைத் தரையிலேயே செய்து வைத்துப் படம் பிடித்தார்கள்.

“என் வேசம் யாரு போடறா?” என்று சிக்னல்காரர் ஆசையாகக் கேட்டார்.

“உங்களைக் கதையிலருந்து எடுத்துட்டாங்கண்ணே.”

“சாகடிச்சிட்டாங்களா?”

“இல்லண்ணே. நீங்க பிறக்கவே இல்லை.”

படத்தை முதலில் ஒரு சின்ன அரங்கில் போட்டுக் காட்டினார்கள். மதியக் காட்சி. அம்மா நல்ல உடுப்பாக எடுத்து உடுத்திக்கொண்டு வந்திருந்தாள். திரையில் ஒரு பெண் வந்ததும், “இது யாரு?” என்று கேட்டாள்.

“நீதாம்மா.”

“நான் இவ்வளவு சிவப்பா?” என்று வாயைப் பொத்திச் சிரித்தாள்.

துடைப்பம் வந்தது. திரை அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு ‘அது, அது’ என்று கத்தினாள். ஒவ்வொரு ‘அது’வுக்கும் ஒரு இசை அடித்தது. அரங்கு முழுக்க ‘ச்சே’ என்ற முனகல். பின் வரிசையில் ஒரு பெண், பக்கத்திலிருந்தவளிடம், “இவள்லாம் ஒரு தாயா?” என்றாள். மெல்லத்தான் சொன்னாள். அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

கடைசியில் ‘மகளே’ வந்தபோது எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். அவள் திரையைப் பார்க்கவில்லை. அம்மாவின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த உதடு அசையவில்லை. கை இரண்டும் மடியில் கிடந்தன.

வீட்டு வாசலில் அம்மா செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்.

“நான் அப்படியா கத்தினேன்?”

“இல்லம்மா. சினிமாவுக்காக வச்சது.”

“அந்த வார்த்தையைச் சொன்னேனா?”

“சொன்ன. ஆனா...”

“சொன்னேன்ல.”

அம்மா உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

படம் வெளியில் வந்த பிறகு எதிர்வீட்டுக்காரி வந்தாள். “ஏம்மா, நாங்களும் இத்தனை நாளா பக்கத்துலயே இருக்கோம், இப்படி ஒரு கொடுமை நடந்தது தெரியாமப் போச்சே” என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டுப் போனாள். சாயங்காலமானால் தெருமுனைக் கடைக்குப் போய் நாலு பேரோடு பேசி வருகிற பழக்கம் அம்மாவுக்கு உண்டு. அது நின்றது.

ஒரு காலையில் அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அம்மா டீ டம்ளரோடு அறை வாசலில் வந்து நின்றாள்.

“டீ போட்டிருக்கேன். குடிக்கிறீங்களா?”

யாரோ விருந்தாள் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் பீரோதான் இருந்தது.

கிண்டல் என்று எடுத்துக்கொண்டாள். கிண்டல் இல்லை. அன்றிலிருந்து அம்மா அப்படித்தான் பேசினாள். சாப்பிடுங்க. எப்ப வருவீங்க? மருந்து போட்டீங்களா? கேஸ் கொண்டுவந்த ஆளிடம், “அவங்க குளிக்கறாங்க, இருப்பா” என்றாள். முன்பு அவளுக்கென்று எடுத்து வைக்கிற தட்டை நகர்த்திவிட்டு, வருகிறவர்களுக்குப் போடுகிற தட்டை எடுத்தாள். பெற்ற பிள்ளையை ‘நீங்க’ என்று சொல்லும் தாய், ஒன்று, பெரிய கோபத்தில் இருக்க வேண்டும், இல்லை விளையாட வேண்டும். அம்மா இரண்டிலும் இல்லை. மரியாதையாக, பயந்து பயந்து பேசினாள்.

துறைமுகத்தில் அவள் அதைச் சொன்னபோது சிக்னல்காரருக்கு முதலில் புரியவில்லை. “மரியாதை குடுத்தா நல்லதுதானே?”

“உங்கம்மா உங்களை வாங்க போங்கன்னு கூப்பிட்டா எப்படிண்ணே இருக்கும்?”

“செத்த வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்” என்றார்.

பொறுத்துப் பார்த்தாள். தானாக மாறும் என்று விட்டுப் பார்த்தாள். ஒரு விடுமுறை நாளில், துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் தரையில் போய் உட்கார்ந்தாள்.

“கீழ எதுக்கு? நாற்காலி இருக்கே” என்று அம்மா எழப் போனாள்.

“அம்மா, என்னை ஏன் நீங்கன்னு சொல்ற?”

“பின்ன எப்படிச் சொல்றது?”

“பழைய மாதிரி. அதுன்னே சொல்லு.”

“எந்த வாயால சொல்றது? ஊரே பாத்து முகம் சுளிச்சாச்சு. நீங்களே காசு வாங்காம உக்காந்து அந்தப் படத்துக்குச் சொல்லிக் கொடுத்தீங்க. அவ்வளவு மனசுல இருந்திருக்கு. எனக்குத்தான் தெரியலை.”

“அப்படி இல்லம்மா. எனக்கு அது பிடிக்கும்.”

அம்மா நம்பவில்லை. நம்புகிற மாதிரித் தலையை ஆட்டினாள். பெரிய இடத்து மனிதர்கள் ஏதாவது சொல்லும்போது ஆட்டுகிற ஆட்டம் அது.

இத்தனை வருஷம் கேட்டு வாங்கக் கூடாது என்று வைத்திருந்ததை அவள் கேட்டேவிட்டாள்.

“சரி, அது வேணாம். அவன்னு சொல்லேன். ஒரு தடவை.”

அம்மாவின் கை துணியோடு நின்றது. “அவன்னா?” முகம் வெளுத்துவிட்டது. “வேணாம். அதைச் சொல்லிச் சொல்லித்தானே உங்கப்பா உன்னை விரட்டினாரு. அது பொறுக்காமத்தானே போன... போனீங்க. அதைப் போய் என்னைச் சொல்லச் சொல்றீங்களே.”

வாயிலிருந்து வந்தது என்ன என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவ என்றுதான் கேட்டாள். பேச்சில் ‘ன்னு’ வந்து ஒட்டியதும் அது ‘அவன்’ என்று போய் விழுந்துவிட்டது.

“அய்யோ, அவன் இல்லம்மா. அவ. அவ.”

அம்மா கேட்டாள். உதடு லேசாகப் பிரிந்தது. சொல்லிப் பார்க்கிறாள் என்றே தோன்றியது. அம்மாவின் கண் அவள் முகத்தில், தாடையில், கழுத்தில், காதில் இருந்த கம்மலில் நகர்ந்தது. பிறகு துணிக்குத் திரும்பியது.

“தப்பா வந்துருச்சுன்னா?” என்றாள் அம்மா. “ஒரு எழுத்துதானே வித்தியாசம். கிழவி நாக்கு. பழசு வந்து விழுந்துட்டா அதையும் படமா எடுப்பாங்க. அவங்கன்னா யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க.”

அம்மா துடைக்கத் தேவையில்லாத நாற்காலியைத் துண்டால் ஒரு தட்டுத் தட்டி முன்னால் நகர்த்தினாள். “தரை சில்லுன்னு இருக்கு. உங்க உடம்புக்கு ஆகாது. மேல உக்காருங்க.”

எழுந்து உட்கார்ந்தாள். வேறென்ன செய்ய?

போன் அடித்தது. மூத்தவன். அம்மா எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, இவளுக்கு முதுகு காட்டாமல், வந்தவர்களுக்கு முன்னால் பேசுகிற மாதிரிக் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“சாப்பிட்டியாடா?... ஆமா, இங்கதான் உக்காந்திருக்காங்க. நல்லா இருக்காங்கடா. அவங்களுக்கென்ன.”